நடுவில் நின்ற மெட்டு

என் மனைவி உள்ளே பச்சைப் பிசினைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மூன்று கடை தள்ளி ஒரு துருக்கி வாத்தியம் கற்றுக்கொண்டிருந்தேன். இதை எந்த வரிசையில் சொன்னாலும் அழகாக இருக்கப்போவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிசின், கை மருத்துவம் செய்யும் இடத்தில் விரலுக்குப் பலம் வரக் கொடுப்பது. பூரி மாவு போல இருக்கும். அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் சென்ற ஆண்டு மடங்கினால் நிமிராமல் அடம்பிடிக்கத் தொடங்கியது. சிறிய அறுவை சிகிச்சை செய்தார்கள். விரல் நிமிர்ந்தது, பலம் திரும்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, சரி என்று முடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் வீணை வாசிப்பவள். வீணையில் தந்தியை மெட்டின்மேல், அதாவது வரிசையாக நிற்கும் பித்தளைக் கட்டைகளின்மேல், அழுத்தினால் மட்டும் போதாது. பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கும் இடமெல்லாம் அந்த இழுப்பில்தான் கிடைக்கும். இழுக்க முடியாத விரலுக்கு வீணை ஒரு நீளமான மரச்சாமான்.

ஃப்ரீமான்ட் வீட்டின் முன்னறையில் சனிக்கிழமை தோறும் நடந்த வகுப்பை அவள் நிறுத்தினாள். வீணைக்குப் பட்டுத்துணி போர்த்தி மூலையில் வைத்தாள். நான் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் தர உறுதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதை எதற்குப் பிறகு செய்ய வேண்டும், தவறு நடந்தால் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். இப்போது வட்டாரத்துத் தமிழர்களுக்கு அதையே இலவசமாகச் செய்கிறேன். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரில் எந்தப் பகுதியை எப்போது எடுப்பது, வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ அட்டையில் பெயர் மாறியிருந்தால் என்ன செய்வது, பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்குப் பிடிக்க எந்தக் காப்பீடு வேண்டும். "அங்கிள், ஒரு சின்ன டவுட்" என்று தொடங்கும் எந்த அழைப்பும் சின்னதாக முடிந்ததில்லை. மனைவியின் மாணவிகள் கச்சேரி செய்தால் அரங்கமும் நாற்காலியும் வண்டி நிறுத்தும் இடமும் என் பொறுப்பு. மேடை அவள் பொறுப்பு. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் தந்தியைத் தொட்டதில்லை. அவளும் தொடச் சொன்னதில்லை. அவரவர் துறை.

வாரத்தில் இரண்டு காலை அவளை மருத்துவத்துக்கு அழைத்துப்போவேன். காத்திருக்கும் அறை டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடும். அதற்குப் பயந்து காரிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கண்ணாடியை இறக்கியபோது அந்தச் சத்தம் வந்தது. கிட்டார் இல்லை, மாண்டலின் இல்லை. யாரோ ஒருவர் தனக்குத்தானே வேகமாக வாதாடுவது போல இருந்தது. இறங்கிப் போனேன். துருக்கித் தேநீர்க் கடை. பின்னறையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நீளக் கழுத்துள்ள ஒரு வாத்தியத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். கடை அவருடைய தம்பியுடையது. அந்தப் பெண் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர், வகுப்பு இல்லாத காலை வேளைகளில் அங்கே வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறார் என்பதெல்லாம் முதல் தேநீருக்குள் தெரிந்துவிட்டது. எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் இரண்டாம் தேநீரிலேயே என்னை "அம்ஜா" என்று கூப்பிடத் தொடங்கினார். அர்த்தம் கேட்டேன். சித்தப்பா, பெரியப்பா, பொதுவாக வயதானவர் என்றார். ஆக, துருக்கிய மொழியிலும் நான் அங்கிள்தான்.

வாத்தியத்தின் பெயர் பாலமா. கட்டுவது என்று அர்த்தமாம். வீணையில் மெட்டுகள் பித்தளை, மெழுகில் பதித்திருப்பார்கள், அசையாது. இதில் கழுத்தைச் சுற்றி நைலான் நூலைக் கட்டியிருக்கிறார்கள். நூல்தான் மெட்டு. நகர்த்தலாம்.

வாங்குவதென்று முடிவு செய்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அவர் மூன்றை முன்னால் வைத்தார். குழந்தை போல ஒன்று, நீளக் கழுத்து ஒன்று, குட்டைக் கழுத்து ஒன்று. நான் கேள்விகளை அடுக்கினேன். மரம் என்ன, எத்தனை நாள் உலர்த்தியது, ஈரப்பதம் மாறினால் என்ன ஆகும், கழுத்து வளைந்தால் யார் சரிசெய்வார்கள். அவர் பொறுமையாக இருந்துவிட்டு, "அம்ஜா, நீங்கள் வாசிக்கப்போகிறீர்களா, தத்து எடுக்கப்போகிறீர்களா?" என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "குடம் ஒரே மரத்தில் குடைந்ததா, பட்டைகளை ஒட்டியதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தது?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏகாண்ட வீணை, முழுக்க ஒரே பலா மரத்தில் குடைந்தது, அதன் நாதமே வேறு என்று என் மனைவி தன் மாணவிகளின் பெற்றோரிடம் சொல்வதை நாற்காலி அடுக்கிக்கொண்டே வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். வாத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அவளுடையது. அதை வைத்துத்தான் அவளுக்குத் தெரியாமல் வாத்தியம் தேர்ந்தெடுத்தேன். குட்டைக் கழுத்து, மல்பெரி என்னும் முசுக்கொட்டை மரம் ஒன்றிலேயே குடைந்த குடம். பலாவும் முசுக்கொட்டையும் தாவரவியலில் ஒரே குடும்பம் என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்து, சம்பந்தம் பேசி முடித்தவன் போலத் திருப்திப்பட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத திருப்தி.

வாங்கிய அன்றே சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவள் வெளியே வந்தாள். இடது கையை வலது கையில் ஏந்தியிருந்தாள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பை போல.

"எப்படி இருந்தது?"

"பென்சில் பிடிச்சேன்" என்றாள். "பேர்கூட எழுதினேன். கிண்டர்கார்டன் ப்ரமோஷன் கிடைச்சிடும்."

இதற்குப் பதிலாக, நான் தந்தி பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது? பாலமா கார் ட்ரங்கில் மடக்கு நாற்காலிகளுக்குக் கீழே, பழைய கம்பளியில் படுத்துக்கொண்டது. நாளை சொல்லலாம் என்று ஓட்டினேன். என் வேலைக்காலத்தில் இப்படி ஒருவர் தள்ளிப்போட்டிருந்தால் அவர்மேல் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

கம்பித் தந்தி விரலில் கோடு போடும். வீணை வாசிப்பவளுக்கு அந்தக் கோடு தெரியாமல் இருக்காது. வீட்டில் இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. சாப்பிடும்போது மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"உங்க கைய ஒளிச்சு வைக்க வேணாம். எனக்கொண்ணும் பொறாமை இல்ல."

அவள் மனம் நோகக் கூடாதென்று என் நல்ல கையை நான் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை.

கோடையில் காப்பீட்டுக் கம்பெனி மருத்துவத்தை நிறுத்தியது. விரல் போதுமான அளவு மடங்கி நிமிர்கிறதாம், இனி அவசியமில்லையாம். அவள் "விடுங்க, எனக்கே போரடிக்குது" என்றாள். நான் விடவில்லை. மேல்முறையீடு செய்வது எனக்குக் கை வந்த கலை. எந்தச் சொல்லுக்கு அவர்கள் பயப்படுவார்கள், எந்த மருத்துவரிடம் எந்த வாக்கியத்தை எழுதி வாங்க வேண்டும் என்பது தெரியும். மறுத்தார்கள், மேலே போனேன். மறுபடி மறுத்தார்கள், இன்னும் மேலே போனேன். கடைசியில் இன்னும் சில மாதங்களுக்கு அனுமதி வந்தது. எங்கள் மகளுக்கு அவள் ஃபோன் செய்து, "உங்கப்பா எனக்காக அவங்கள ஒரு வழி பண்ணிட்டார்டி" என்று சொல்வது சமையலறையிலிருந்து கேட்டது. குரலில் அப்படி ஒரு பெருமை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகவும்தான் செய்தேன். ஆனால் மருத்துவம் நின்றால் என் பாடமும் நிற்கும் என்ற எண்ணம் வராமல் அந்த மனுவில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அதற்கு மட்டும் எந்த நடைமுறையும் கிடைக்கவில்லை.

பாடம் எப்படிப் போனது என்றால், மோசமாக. இடது கைக் கட்டைவிரலையும் பயன்படுத்த வேண்டும் என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வயது வரை அதற்குத் தனியாக வேலை கொடுத்ததில்லை. வலது கை மேலும் கீழும் போக வேண்டும், நான் மேலே மட்டும் போனேன். ஒரே ஒரு நாட்டுப் பாட்டு, சின்னது, யாரோ ஒருத்தி ஆற்றங்கரையில் யாருக்கோ காத்திருக்கிறாள். நான் வாசித்தால் அவள் அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்தப் பாட்டில் ஓர் இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஷட்ஜத்துக்கு மேலே முதல் மெட்டு சுத்த ரிஷபம், கீழ் ரி. மூன்றாவது சதுஸ்ருதி ரிஷபம், மேல் ரி. சரி. நடுவில் இரண்டாவதாக ஒன்று நின்றது. அதற்கு என் காது அறிந்த எந்தப் பெயரும் இல்லை. ஃபோனில் இருந்த ஸ்ருதிப் பெட்டியை வைத்துச் சோதித்தேன். எதோடும் சேரவில்லை. எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், எந்தப் பிரிவென்றே தெரியாமல் நடுவில் நிற்பார். நூல் இடம் நழுவியிருக்கிறது என்று முடிவு செய்தேன். லேக் எலிசபெத் பக்கம் காரை நிறுத்தி, தேங்காய் எண்ணெய் ஒரு துளி விட்டு, முள் எடுக்கும் சாமணத்தால் தள்ளி அதை அடுத்த மெட்டோடு ஒட்டவைத்தேன். அளவுக் கருவியைத் திருத்திய நிம்மதி.

அடுத்த பாடத்தில் ஆசிரியை இரண்டு வரி கேட்டார். கையை நீட்டி வாத்தியத்தை வாங்கினார்.

"இங்கே ஒரு மெட்டு இருந்ததே, எங்கே?"

"நழுவியிருந்தது. சரி செய்தேன்."

"நழுவியிருந்தது" என்று அவர் திருப்பிச் சொன்னார். தம்பியைக் கூப்பிட்டுத் துருக்கியத்தில் ஏதோ சொன்னார். அவர் தேநீர்த் தட்டோடு வந்து, கழுத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

"அம்ஜா, அந்தப் பெண் ஆற்றங்கரையில் நிற்பதே அந்த மெட்டின்மேல்தான். நீங்கள் அவளை ஆற்றில் தள்ளிவிட்டீர்கள்."

மறுபடி இருந்த இடத்துக்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. பழைய இடம் எதுவென்று குறித்து வைக்காமல் நகர்த்தியிருந்தேன். குறிக்காமல் எதையும் நகர்த்தாதே என்று நானே எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஏறக்குறைய சரியான இடத்தில் நிறுத்தினோம். "இப்போதைக்குப் போதும்" என்றார்.

நவராத்திரி வந்தது. கொலு வைத்தோம். ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டு வழக்கப்படி அன்று வீட்டில் உள்ள புத்தகம், வாத்தியம், கருவி எல்லாம் அம்மன் முன்னால் போக வேண்டும். சந்தனம் குங்குமம் வைத்த பிறகு மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று ஒவ்வொன்றையும் எடுத்துக் கொஞ்சமாவது வாசித்துவிட வேண்டும். என் மனைவி வீணையின் பட்டுத்துணியை எடுத்தாள். மாதக்கணக்கில் பார்க்காத வீணை. துடைத்தாள். தம்புரா, என் லேப்டாப், அவளுடைய தையல் கத்தரிக்கோல்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். ஒவ்வொரு வருடமும் கேட்பதுதான்.

"இல்ல" என்றேன். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. இருந்தும், ட்ரங்கில் கம்பளிக்குள் கிடப்பதை நினைத்தால், பந்தி நடக்கும்போது ஒரு சொந்தக்காரனை மட்டும் வாசலில் நிறுத்தியது போல இருந்தது.

பிளசன்டனிலிருந்து மகள் வந்திருந்தாள். விருந்தினர் வரும் நேரம். என் ஃபோன் அடித்தது. தெரிந்தவர் ஒருவருக்கு மெடிகேரில் தாமத அபராதம் வருமா என்று ஒரு சின்ன டவுட். நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மகள் என் சாவியை எடுத்துக்கொண்டு மடக்கு நாற்காலி கொண்டுவரப் போனதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவள் வாசற்படியில் நின்றாள், கையில் கம்பளி.

"அப்பா, ட்ரங்க்ல ஏதோ இன்ஸ்ட்ருமென்ட். ஹூஸ் இஸ் திஸ்?"

மனைவி வந்து கம்பளியை விலக்கினாள். குடத்தைத் தடவினாள். தலைகீழாகத் திருப்பி, ஒட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"யாரோடது?"

"என்னோடது" என்றேன். ஃபோனில் இருந்தவர், "ஹலோ, அங்கிள், கட் ஆயிடுச்சா?" என்றார்.

அவள் அதைக் கொண்டுபோய் வீணைக்குப் பக்கத்தில் வைத்தாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இவ்ளோதானா, இல்ல ட்ரங்க்ல சின்ன வீடு வேற ஏதாவது இருக்கா?" என்றாள். மகள், "அம்மா" என்றாள்.

இனி நாளைக் காலை வரை அதை யாரும் தொடக் கூடாது. தொடாத பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது? வந்த ஆன்ட்டிகள் எல்லாம் கேட்டார்கள். "இது என்ன, குட்டி வீணையா?" ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே பதில் சொன்னாள்: "அங்கிளோடது." ஒவ்வொருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சுண்டல் தட்டை நீட்டினேன்.

காலையில் மறுபூஜை முடிந்தது. அவள் வீணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெட்டில் விரல் வைக்காமல் தந்தியை வலது கையால் ஒரு முறை மீட்டினாள், அவ்வளவுதான். பிறகு என்னிடம், "எடுங்க. வாசிக்காம வைக்கக் கூடாது" என்றாள்.

வாசித்தேன். ஆற்றங்கரைப் பெண்ணை முடிந்த வரை நிற்க வைத்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் ஊற்றிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது.

"குடுங்க."

மடியில் வைத்தாள். பழக்கத்தில் முதல் மெட்டில் அழுத்தி இழுத்தாள். தந்தி பக்கத்துத் தந்தியில் இடித்து அபஸ்வரமாகக் கத்தியது. முகம் சுருங்கியது. "இதுல இழுக்கக் கூடா..." என்றேன். "தெரியுது" என்றாள். மெட்டு மெட்டாக, வெறுமனே தொட்டுக்கொண்டு போனாள். தொட்டால் போதும், அவ்வளவு மெல்லிய தந்தி. நடு மெட்டுக்கு வந்து நின்றாள். மறுபடி மீட்டினாள். மறுபடி.

"இது என்ன, இங்கயே இருக்கு?"

"எது?"

"நான் இழுத்துப் பிடிப்பேனே, அந்த எடம். இவங்க அதுக்குன்னு ஒரு மெட்டே கட்டி வச்சிருக்காங்க." கொஞ்சம் கேட்டுவிட்டு, "தூக்கலா இருக்கு. யார் கட்டினா?" என்றாள்.

சொன்னேன். எண்ணெய், சாமணம், எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. நகத்தால் நூலை ஒரு மயிரிழை கீழே தள்ளி, மீட்டி, இன்னும் ஒரு மயிரிழை தள்ளினாள். பிறகு அந்த ஸ்வரத்தில் போய்ப் போய் உட்கார்ந்தாள். அதைச் சுற்றி ஏதோ ஒன்று உருவாகத் தொடங்கியது. துருக்கியும் இல்லை, நம்முடையதும் இல்லை. என் பல மாதப் பாடம் பத்து நிமிடத்தில் பழையதானது.

நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எப்போலேர்ந்து கார்ல இருக்கு?"

"மே மாசத்துலேர்ந்து."

"என் மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

"ஆமா."

"பாத்தா அழுவேன்னு."

"ஆமா."

"அழுதிருப்பேன்" என்றாள். "அழுதுட்டு வாசிச்சிருப்பேன்."

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குற்றம் உண்டு. கருவி கிடங்கில் இருக்கும், நோயாளி வாசலில் இருப்பார், நடுவில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு கதவைப் பூட்டியிருப்பார். அந்த மனிதர்களைப் பற்றி நான் எழுதிய அறிக்கைகளில் இரக்கம் இருந்ததில்லை.

இப்போது அவள்தான் பாடத்துக்குப் போகிறாள். மருத்துவம் முடிந்துவிட்டது. நான் ஓட்டிக்கொண்டு போய்விட்டு, காரில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் மட்டும் உள்ளே போய் அறிமுகப்படுத்தினேன். நடு மெட்டு நகர்ந்திருப்பதை ஆசிரியை கண்டுபிடித்தார். என்னைத்தான் முறைத்தார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்தார். "என் அப்பா ஊரில் இதை இங்கேதான் வைப்பார்கள்" என்றார், அவளிடம். என் மெட்டு எந்த ஊரிலும் அங்கே இருந்ததில்லை போலிருக்கிறது.

முன்னறையில் காலை வேளைகளில் சத்தம் வருகிறது. பழைய மாணவி ஒருத்தி கேட்டுவிட்டு, தானும் வரலாமா என்று விசாரித்திருக்கிறாள். மகள் ஃபோனில், "அப்பா, யூ டிட் அ குட் திங்" என்றாள். நான் செய்தது எது என்று அவளுக்குத் திருத்திச் சொல்லவில்லை. எனக்கு மகிழ்ச்சிதான். மகிழ்ச்சிக்கு அடியில், என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு பொருள் போய்விட்டதே என்று ஒரு சின்னக் குரல் முனகுகிறது. மனைவியின் கை திரும்பக் கிடைத்ததற்கு வருத்தப்படும் குரல். அதை ட்ரங்கில் போட்டு மூட முடியவில்லை.

இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். "வாங்கிக்கோங்களேன்" என்று அவளே சொன்னாள். எனக்கு அந்தக் குடம்தான் வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்று அவள் காய் வாங்க மவுரி அவென்யூவுக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் உட்கார்ந்து பாலமாவை எடுத்தேன். என் பாட்டை வாசித்தேன். அவள் வைத்த மெட்டில் ஆற்றங்கரைப் பெண் வேறு யாரோ போல இருந்தாள், கொஞ்சம் வயதானவளாக. சாமணம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. தொடவில்லை. கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, குடம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம் சாய்த்து, துணியை எப்படி மடித்திருந்தாளோ அப்படியே மடித்துப் போட்டேன்.

அவள் பையை வைத்துவிட்டு நேராக முன்னறைக்குப் போனாள். ஒரு தந்தி மீட்டும் சத்தம்.

"வாசிச்சீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"ஸ்ருதி எறங்கியிருக்கு" என்றாள், வாத்தியத்திடம் சொல்வது போல.

நான் இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காபி போடப் போனேன்.